மெக்ரிகோர்: அரச வம்சமா, பிற்காலப் புனைவா?

வடமலை:
ஸ்காட்லாந்தின் மெக்ரிகோர் குலத்தை 'கொள்ளைக் கும்பல்' என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அவர்களின் முழக்கமே 'என் குலம் அரச குலம்' என்பதுதான். ஸ்காட்லாந்தின் முதல் மன்னராகக் கருதப்படும் கென்னத் மெக்ஆல்பினின் உடன்பிறந்த கிரிகோரின் வழிவந்தவர்கள் அவர்கள். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த லிஸ்மோர் டீன் (தேவாலயத் தலைமைக் குரு) சுவடியிலேயே அவர்களைக் கென்னத்தோடு இணைக்கும் வம்சாவளி இருக்கிறது.

ஏட்டுப்புழு:
அந்த டீனின் பெயரையும் சொல்லிவிடுங்கள் ஐயா. ஜேம்ஸ் மெக்ரிகோர்! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கென்னத் இறந்தது 858இல். குலத்தைப் பற்றிய உறுதியான பழைய தடயமோ, 1390இல் அவர்களின் பள்ளத்தாக்கான கிளென் ஆர்க்கியில் 'கிரிகோரின் மகன் ஜான்' இறந்தார் என்ற குறிப்பு. பெயர் தொடங்குவது அந்த ஜானின் தந்தையிடம். இடையில் 500 ஆண்டுகளுக்கு மேல் வெறும் காற்று.

வடமலை:
காற்றாகத்தான் இருக்கும். கிளென் ஆர்க்கி, எதிர்க் குலமான கேம்பெல்களின் கைக்குப் போய்விட்டது. பட்டயங்களும் அவர்கள் பெயரில்தான். வென்றவனின் பெட்டியைத் திறந்து தோற்றவனின் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறீர்கள்.

தேன்மொழி:
மன்னர் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயரைச் சொன்னாலே மரண தண்டனை என்று சட்டம் இருந்ததே, அதை ஏன் இருவரும் தொடவில்லை? 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூனில் கஹூன் குலத்தாரை மெக்ரிகோர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். ஏப்ரல் 3இல் பெயருக்கே தடை. இங்கிலாந்தின் அரியணைக்குப் புறப்படவிருந்த ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், கிளம்பும் அவசரத்திலும் அதை முடித்துவிட்டுத்தான் போனார். மறு ஜனவரியில் தலைவர் அலாஸ்டரை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். மற்றவர்கள் கிரான்ட், டிரம்மண்ட், மரே என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்தார்கள். குலத்தின் புகழ்பெற்ற வீரர் ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்பெல் என்றே கையொப்பமிட்டார். 1661இல் தடையை நீக்கி, 1693இல் மீண்டும் போட்டு, 1774இல்தான் ஒரேயடியாக எடுத்தார்கள்.

ஏட்டுப்புழு:
இது என் கட்சிக்குத்தான் வலு. அத்தனை தலைமுறை வேறு பெயர்களில் கலந்திருந்துவிட்டுத் திரும்பியவர்களில் யார் பழைய ரத்தம், யார் அண்டிப் பிழைத்தவர் என்று எப்படிப் பிரிப்பது? டிஎன்ஏ சோதனையிலும் இதே கதைதான்: ஒரு பகுதியினர் தலைவர் மரபோடு ஒத்துப்போகிறார்கள், கணிசமானோர் ஒத்துப்போவதில்லை.

வடமலை:
தடை நீங்கியதும் 826 பேர் கையொப்பமிட்டு ஜான் மரே என்பவரைத் தலைவராக ஏற்றார்களே, அவர்களிடம் போய் ரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்பீர்களா? தூக்குக் கயிற்றுக்குத் தப்பியும் பெயரை மறக்காதவர்கள் ஐயா! கேம்பெல்கள் ஆர்தர் மன்னரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்டார்களே, அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டீர்கள்.

ஏட்டுப்புழு:
அதையும் நம்பவில்லை. தனி இழை தொடங்குங்கள், அங்கேயும் வருகிறேன்.