ரெக்கார்ட் பிளேயருக்கு பெல்ட், முள் எங்கே கிடைக்கும்?

வணக்கம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடப் போனவன் நான்கு எல்பி இசைத்தட்டுகளோடு திரும்பினேன், அன்றிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். பரணில் கிடந்த அப்பாவின் பிளேயரை இறக்கித் துடைத்து, முள்ளை வைத்ததும் அந்த லேசான கரகரப்பு வருமே, அதற்கே காசு சரியாகப் போச்சு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருப்பதால் பாட்டை நடுவில் தாண்டிவிடும் பழக்கமும் போய்விட்டது (வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்).

இப்போது சிக்கல். வேகம் ஏறி இறங்குகிறது, நாதஸ்வரம் அழுகிற மாதிரி கேட்கிறது. தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சென்னையில் இதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கிறார்களா? ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ இரண்டைக் குறைத்துக் கொடுத்ததோடு சரி.

அப்புறம், அத்தை வீட்டில் அரக்கால் செய்த பழைய இசைத்தட்டுகள் ஏழெட்டு கிடைத்தன, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடுபவை. அவற்றின் பள்ளம் அகலம் என்பதால் எல்பி முள் ஆகாது, தனி முள் வேண்டும். அது எங்கே கிடைக்கும், என்ன விலை? ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும் என்பதால் இன்னும் துடைக்கவே இல்லை. வெறும் ஈரத்துணி போதுமா, வேறு ஏதாவது செய்கிறீர்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.