ஜப்பானில் நான் பார்த்த நம்பிக்கை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இங்கே வேலைக்கு வந்த புதிதில், ரோபோ செய்கிற ஊரில் சாமி கும்பிட யாருக்கு நேரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் கம்பெனி புதுக் கிடங்கு கட்டத் தொடங்கிய அன்று அந்த நினைப்பு போய்விட்டது.

காலி மனையில் நாலு பச்சை மூங்கிலை நட்டு, வைக்கோல் கயிறு கட்டி, வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவே அரிசி, உப்பு, சாக்கே என்கிற அரிசி மது, ஒரு முழு மீன். ஜிச்சின்சாய் என்பார்கள், நம் பூமி பூஜை மாதிரி. ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் பூசாரி ‘ஓ...’ என்று நீளமாகக் குரல் கொடுத்துக் கடவுளை அழைத்தபோது அத்தனை பேரும் தலை குனிந்தார்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் வைக்க ஒரு சின்னப் பெட்டியை அவர் சைட் மேனேஜரிடம் கொடுத்தார். அந்த மனிதர் மில்லிமீட்டர் பிசகினாலும் விடாதவர். கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

‘நிஜமாகவே நம்புகிறீர்களா?’ என்று அப்புறம் கேட்டேன்.

‘அது தெரியாது. ஆனால் இதைச் செய்யாமல் என் ஆட்களைக் கிரேனுக்குக் கீழே நிறுத்த மாட்டேன்’ என்றார்.

ஒரு நகராட்சி இந்தச் சடங்குக்குச் செலவு செய்தது சரியா என்ற வழக்கில், இது சமூக வழக்கம்தான், மத நடவடிக்கை ஆகாது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் முகத்தைப் பார்த்த எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

பதில் 1

அண்ணா, என் ஆபீஸ் டோக்கியோ ஓட்டேமாச்சியில். 940ல் கொல்லப்பட்ட கலகக்காரர் மசகாடோவின் தலை புதைந்ததாகச் சொல்லும் இடம், உயரமான ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே அப்படியே இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிதி அமைச்சகம் அங்கே தற்காலிகக் கட்டடம் போட்டது. 1926ல் நிதி அமைச்சரே இறந்தார். மசகாடோவின் கோபம் என்று பேச்சு பரவியது. போன மாதம் நல்ல மழை. கோட்டு போட்ட ஒருவர் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, நனைந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதில் 2

எனக்கு வேறு மாதிரி அனுபவம். எங்கள் செக்‌ஷன் தலைவி 1966ல் பிறந்தவர். அது இங்கே அறுபது வருடச் சுற்றில் வரும் நெருப்புக் குதிரை வருடம். அதில் பிறந்த பெண் கணவன் உயிருக்கு ஆகாது என்பார்கள், நம் பக்கம் மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது என்பது போல. முந்தைய வருடம் 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு அந்த வருடம் சுமார் 13.6 லட்சமாகக் குறைந்தது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டே வருடம்!

‘பாட்டி வேண்டாம் என்றாராம், அம்மாதான் பிடிவாதமாகப் பெற்றுக்கொண்டார்’ என்று ஒருநாள் சொன்னார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.