பெர்கன் அப்டேட்: நார்வீஜியன் படிக்கணுமா?

எக்ஸ்சேஞ்சில் நார்வேல இருக்கிற பெர்கன் நகரத்துக்குக் கிளம்புமுன், "எல்லாரும் இங்கிலீஷ் பேசுற ஊர்ல நார்வீஜியன் படிக்கணுமா?"ன்னு கேட்டிருந்தேன். செமஸ்டர் முடிஞ்சது. கட்டாயம் படிங்க, ஆனா புத்தகத்தை மட்டும் நம்பி வராதீங்க.

வகுப்புல சொல்லித் தர்றது பூக்மோல், அதாவது நார்வீஜியனோட எழுத்து வடிவங்கள்ல ஒண்ணு. அதுல 'யாய்'னா நான். தெருவுல இறங்கினா அதே 'நான்' 'ஏக்' ஆயிடுது, ரகரம் தொண்டையிலிருந்து வருது. யாரும் நமக்காக வட்டார வழக்கை மாத்திப் பேச மாட்டாங்க. டிவியிலயும் அப்படித்தான். தடுமாறினா உடனே இங்கிலீஷுக்குத் தாவிடுவாங்க, அதான் பெரிய தொல்லை. நூலகத்துல நடக்கிற மொழிக் கஃபேதான் (பேசிப் பழகுற சந்திப்பு) எனக்குக் கைகொடுத்துச்சு: இலவசம், பொறுமையான பெரியவங்க, காபி.

பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட இன்னும் நாக்கு கூசுது. இங்க எல்லாருக்கும் 'டு'தான், அதாவது 'நீ'. மரியாதைப் பன்மை வழக்கொழிஞ்சே போச்சு.

பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்தாலும் உட்காராம நிக்கிறவங்க, ஃப்ளோயன் மலைப்பாதையில எதிர்ப்பட்டா 'ஹை' சொல்றாங்க. பேச்சுப் பழக்கத்துக்கு மலையேறுங்க!

பெர்கன் மழைக்குக் குடை எடுத்துட்டு வரணுமான்னு கேட்டவருக்கு: வேண்டாம், காத்து திருப்பிடும். நல்ல ரெயின்கோட் வாங்குங்க.