மறு: தொழில்நுட்ப நிறுவனங்களை ஆராய்ந்து சொல்பவர் – என் பரிந்துரை "சீர்தூக்குநர்"

> மதிப்பீட்டாளர் என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?
> முன்னால் "தற்சார்பு" போட்டால் முடிந்தது.

ஈரோட்டு அண்ணனுக்கு வணக்கம். தொழில்நுட்ப நிறுவனத்தை வெளியில் இருந்து ஆராய்ந்து சொல்லும் independent analyst என்பவருக்கு நாம் தமிழ்ச் சொல் தேடுகிறோம், "தற்சார்பு மதிப்பீட்டாளர்" போதும் என்கிறீர்கள். முடியலைங்கண்ணா. மதிப்பீட்டாளர் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருபவர் வங்கியில் நகையை உரசிப் பார்ப்பவர், இல்லாவிட்டால் வீட்டுக்கடனுக்கு மனையைப் பார்க்க வருபவர். இரண்டு பேரும் கடைசியில் ஒரு தொகையைச் சொல்வார்கள். சட்டமும் அந்தச் சொல்லை விலைக்குத்தான் வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 247ஆம் பிரிவு, அதை ஒட்டி 2017இல் வந்த விதிகள், இவற்றின்படி பதிவுபெற்ற மதிப்பீட்டாளருக்கு மூன்றே வகைதான்: நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்கு முதலிய பத்திரங்கள் அல்லது நிதிச் சொத்துகள். பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, ஐ.பி.பி.ஐ. என்னும் திவால் வாரியத்தில் பதிய வேண்டும். நாம் பேசும் ஆள் இந்தப் பதிவு இல்லாமலே வேலை செய்யலாம், ஆனால் சட்டம் கேட்கும் விலை அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் வாடிக்கையாளர் குழம்புவார்.

வேலை என்னவென்று பார்த்தால் சொல் தானாகத் தெளியும். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒருவர், தனக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனத்தையே வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் கணக்கைப் பார்ப்பார். நம் ஆள் முதலில் கிட் வரலாற்றை, அதாவது எந்த நிரலை யார் எப்போது எழுதினார் என்ற பதிவைத் திறக்க வேண்டும். பாதிக்கு மேல் ஒரே பையன் எழுதியதாக இருந்தால், அவன் நாளைக்கு பெங்களூருக்குப் போய்விட்டால் மிச்சம் என்ன என்று கேட்க வேண்டும். சர்வர் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, முதலாளியின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறதா? ஜி.பி.எல். என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வந்த நிரலை உள்ளே கலந்து விற்றிருக்கிறார்களா? அப்படி விற்றிருந்தால், வாங்கியவர் கேட்கும்போது மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டிவரும். வருமானத்தில் ஒருமுறை வாங்கிய நிறுவல் கட்டணம் எவ்வளவு, ஆண்டுதோறும் வரும் ஏ.எம்.சி. என்னும் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? வாடிக்கையாளர் பட்டியலில் ஐந்து பெயர் இருக்கும், விசாரித்தால் நாலு பேர் பங்காளிகள், ஒரு வீட்டில் மனத்தாங்கல் வந்தால் நாலும் சேர்ந்து போகும். ஆலைக்காரர் கோவையில் உள்ள சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கு நூலை அனுப்பினால் கவுண்ட்டும் (நூலின் பருமன்) ஸ்ட்ரென்த்தும் (உறுதி) எழுதி வருமே தவிர கிலோ என்ன விலை என்று வராது. இதுவும் அந்த மாதிரி அறிக்கைதான்.

பொள்ளாச்சி நண்பர் சொன்ன "நோட்டர்" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாணயத்தையும் மணியையும் சோதித்துச் சொன்னவருக்கு நோட்டக்காரர் என்றுதான் பழைய பெயர். ஆனால் இன்றைக்குச் செய்தித்தாளில் நோட்டமிடப்படுவது பூட்டிய வீடு. எந்த முதலாளியும் தன் கம்பெனியை நோட்டமிட ஆள் கூப்பிட மாட்டார். "பகுப்பாய்வாளர்" சரியான சொல்தான், ஆனால் பிரித்துப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது, முடிவு சொல்வது அதில் இல்லை.

சீர்தூக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. நல்லது கெட்டது இரண்டையும் தட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. இயக்குநர், ஓட்டுநர் வரிசையில் சீர்தூக்குநர். அவர் தருவது சீர்தூக்கறிக்கை. "தூக்கு" என்று காதில் விழுமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். சீர்தூக்கிப் பார் என்று சொல்லும்போது யாருக்கும் தூக்குக் கயிறு நினைவுக்கு வருவதில்லை, இதிலும் வராது.

அடுத்தது independent என்பதற்கான அடைமொழி, எனக்கு இதுதான் முக்கியம். தற்சார்பு என்றால் தன் காலில் நிற்பது. சுயேச்சை என்றால் தேர்தல். கோவை சரவணம்பட்டியில் பல வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து தனியாகப் பலகை மாட்டுபவர் தன் காலில்தான் நிற்கிறார், அதனாலேயே நடுநிலையாளர் ஆகிவிட மாட்டார். முதல் வேலையைப் பெரும்பாலும் பழைய முதலாளியோ பழைய சகாவோதான் தருவார்கள். விற்பனை முடிந்தால்தான் கூலி என்று பேசிக்கொண்டால் அறிக்கை எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூலியை முன்னாலேயே பேசி, முடிவு எதுவானாலும் அதே தொகை என்று எழுதி வாங்க வேண்டும். 247ஆம் பிரிவு மதிப்பீட்டாளருக்கு ஒரு நல்ல அளவு வைத்திருக்கிறது: தனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் இருக்கும் சொத்தை அவர் மதிப்பிடக் கூடாது, நியமனத்துக்கு முந்தைய 3 ஆண்டிலும் மதிப்பிட்ட பிறகு 3 ஆண்டிலும் அப்படி ஒரு நலன் இருக்கக் கூடாது. பதிவு இல்லாத நம் ஆளும் இதைத் தானாகவே ஏற்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதட்டும்.

ஆகவே தனியாகத் தொழில் செய்பவர் வெறும் "சீர்தூக்குநர்". மேலே சொன்ன அளவுக்கு உட்பட்டவர் மட்டும் "சார்பிலாச் சீர்தூக்குநர்". இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் கருத்து. அண்ணா, உங்கள் மறுப்பை எழுதுங்கள், குறிப்பாக "சீர்தூக்குநர்" என்ற சொல்லுக்கு.