மாசிக் கடைசியில் மலைமேல் நம்பிக்கு நடந்து போய்வர ஒரு பகல் போதுமா?

பாளைக்காரன் கேட்டது:

என் தகப்பனாருக்கு 66 வயது ஆகிறது. திருக்குறுங்குடியில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். ஊருக்கு மேலே மலைக்காட்டில் கோயில்கொண்டிருக்கும் பெருமாளான மலைமேல் நம்பியை ஜீப்பில் போய்ப் பார்ப்பதைத் தரிசனம் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, ஆற்றில் குளித்து, நம்பியைச் சேவித்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்கிறார். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி இல்லை. தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறார். மாசிக் கடைசியில் போவது நல்லதா, பங்குனி உத்திரம் கழித்துப் போவது நல்லதா? ஆற்றில் அப்போது தண்ணீர் இருக்குமா?

வள்ளியூரான் எழுதியது:

மாசியிலேயே போய்விடுங்கள். வருடம் தவறாமல் அந்த மலைக்கு நடந்து போகிறவன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன். ஆறு பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை, இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். ஆனால் அந்தக் கணக்கை நம் மலையடிவாரம் மதிப்பதில்லை. மாசி முடிவதற்குள்ளேயே இலவ மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவாக நிற்கும், அதில் மைனாக்கள் போடும் கூச்சல் பாதைவரை கேட்கும். மேலே ஆற்றோர மரங்களில் நாங்கு செந்தளிர் விட்டிருந்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதையும் பூ என்றே நினைப்பார்கள். பங்குனி பாதி கடந்துவிட்டாலோ கீழ்ப்பகுதிப் பாறைகள் காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும், அங்கே ஒதுங்க நிழலும் குறைவு.

நம்பியாறு வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகிற ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்யும் மழையில் திடீரெனப் பெருகி, கோயிலுக்குப் போனவர்களைத் திரும்பவிடாமல் அக்கரையிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. மாசியில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த நீர் ஓடினால் போதாதா, குளிப்பதற்கு? ஆனாலும் மேல்மலையில் இடிச்சத்தம் கேட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் கரையேறிவிடுங்கள்.

புளியோதரையை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறைகளைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். விடியுமுன்பே கிளம்பினால் பத்து மணிக்குள் மேலே இருக்கலாம்.

ஏர்வாடிப் பேத்தி எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன்: விடியுமுன்பே கிளம்பக் கூடாது. அடிவாரத்துத் தோட்டங்களுக்கு இரவில் இறங்கி வரும் கரடிகள் காட்டுக்குத் திரும்புகிற நேரம் அதுதான். ஏர்வாடி, களக்காடு பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, பேசிக்கொண்டே நடந்தால் போதும்.

அதைவிட முக்கியமாக, வழி திறந்திருக்கிறதா என்பதை முதல்நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் பற்றிய தீக்குப் பிறகு, காய்ந்த மாதங்களில் யாரையும் மலைக்குள் விடுவதற்கு வனத்துறையினர் மிகவும் யோசிக்கிறார்கள். அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் தகப்பனார் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவராக இருந்தால், சேவித்த பிறகுதான் சாப்பாடு என்று வெறும் வயிற்றோடு ஏற விடாதீர்கள். எங்கள் தாத்தா அப்படித்தான் பாதி வழியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த கருப்பட்டித் துண்டு அன்றைக்குக் காப்பாற்றியது.

மலையேறி எழுதியது:

அவ்வளவு தூரம் போகிறவர்கள் அப்படியே மகேந்திரகிரி உச்சிக்கும் போய்வரலாமே? 1,600 மீட்டருக்குச் சற்று மேல்தானே.

வள்ளியூரான் எழுதியது:

தம்பி, அனுமன் இலங்கைக்குத் தாவியது அந்த மலையிலிருந்துதான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. அவருக்கு அனுமதி தேவைப்படவில்லை. களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்கள் இரண்டும் 1988 முதல் ஒரே புலிகள் காப்பகமாக இருக்கின்றன. கோயிலுக்கு அப்பால் உள்ள காட்டில் நமக்கு வேலை இல்லை. கரடியைப் பற்றிப் பேத்தி சொன்னது சரி, என் பதிவை அதற்கேற்பத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பாளைக்காரன் எழுதியது:

போய்வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. விடிந்த பிறகே சாவடியைக் கடந்தோம். இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று சொன்னதற்கு அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இலவமரத்தைக் கண்டதும் கோபம் மறந்துவிட்டது. நம்பியைச் சேவிக்கப் போகும் வழியில் பிரம்மராட்சசிடம் அகப்பட்டு, திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போன நம்பாடுவான் கதையை முழுவதுமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார், அப்படியும் மூச்சு வாங்கியது எனக்குத்தான். ஆற்றில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் ஓடியது. நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. கருப்பட்டியை மட்டும் அப்பா சட்டைப்பையில் வைத்திருந்தார்.

மாலையில் ஊருக்குத் திரும்பியதும், நடை திறந்திருந்த பெரிய கோயிலில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் உள்ள நம்பியரையும் சேவித்துவிட்டே பேருந்து ஏறினோம். அடுத்த மாசிக்குத் தம்பியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் முழங்கால் வலி உள்ளவன் அவன் ஒருவன்தான்.