முடி நட்ட செலவைத் தொழில் கணக்கில் எழுதலாமா?

வடபழனி வாசு:
நான் நடிகன். சினிமாவில் சின்ன வேஷங்கள், மீதி நாளெல்லாம் சீரியல். நெற்றி ஏறிக்கொண்டே போனதால் போன வருஷம் முடி நட்டுக்கொண்டேன். பில் 1,20,000, ஜிஎஸ்டி 21,600, ஆக மொத்தம் 1,41,600. ஆடிட்டர் பில்லைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் தலையைப் பார்த்தார், "இது வீட்டுச் செலவுப்பா" என்று பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருஷம் இதே தலைக்கு 18,000 ரூபாயில் ஒரு விக் வாங்கியிருந்தேன். அதை மட்டும் மறுபேச்சில்லாமல் செலவில் எழுதினார். விக் செய்த வேலையைத்தானே இந்த முடியும் செய்கிறது? கதாநாயகனின் அண்ணன் வேஷத்திலிருந்து அப்பா வேஷத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஊசி குத்திக்கொண்டேன்.

கணக்கன்:
ஆடிட்டர் சொன்னது சரி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு கேட்பது இதுதான்: செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆகியிருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, மூலதனச் செலவாகவும் (பல வருஷம் நிற்கும் சொத்துக்கான செலவு) இருக்கக் கூடாது. 2026 ஏப்ரல் முதலான புதிய சட்டத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை. விக் பேக்கப் ஆனதும் பெட்டிக்குள் போய்விடும். முடி உங்களோடு மச்சினன் கல்யாணத்துக்கும் வரும், போட்டோவிலும் நிற்கும். அது முழுக்கத் தொழிலுக்கு என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வீர்கள்?

மேடைக்காரி:
கணக்கன் சார், காரும்தான் கல்யாணத்துக்குப் போகிறது. அதற்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த உபயோகம் என்று தள்ளிவிட்டு மீதியை எழுதுகிறீர்கள். போன் பில்லுக்கும் அப்படித்தான். வாசு அண்ணன் முடியிலும் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கொடுங்களேன்.

கணக்கன்:
காரைக் கொஞ்சம் தொழிலுக்கு, கொஞ்சம் வீட்டுக்கு என்று பிரிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது மேடம், பிரிவு 38. கிலோமீட்டர் பார்த்து அளக்கவும் முடியும். முடியை எதை வைத்து அளப்பது? ஷூட்டிங் மணி நேரமா, தூங்கும் நேரமா?

தீர்ப்புப் பித்தன்:
இதே சண்டையை இதயத்துக்காகப் போட்ட ஒருவர் இருக்கிறார். மூத்த வழக்கறிஞர், முன்னாள் சட்ட அமைச்சர் சாந்தி பூஷண். பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு ஆன சுமார் 1.74 லட்சத்தைத் தொழில் செலவாகக் கேட்டார். இதயம்தான் என் தொழிலின் 'பிளான்ட்' (தொழிலுக்கு வைத்திருக்கும் இயந்திரம், கருவி மாதிரி), அதைப் பழுது பார்த்தேன் என்பது அவர் வாதம். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. இதயம் பிளான்ட் என்றால் உங்கள் சொத்துப் பட்டியலில் அதை ஏன் காட்டவில்லை, வாங்கிய விலை என்ன என்கிற போக்கில் போகிறது தீர்ப்பு. ஆரோக்கியமான இதயம் எல்லா மனிதனுக்கும் வேண்டியது, அது வக்கீல் தொழிலுக்கென்று ஆன செலவு ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சட்டத்தில் 'பிளான்ட்' என்பதற்குள் கப்பல் வரும், வண்டி வரும், புத்தகம் வரும், அறுவை சிகிச்சைக் கருவிகூட வரும். தேயிலைச் செடியும் கால்நடையும் வராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நிஜச் செடிக்கே அந்தக் கதி. வாசு சார் தலையில் நட்டது எம்மாத்திரம்!

வடபழனி வாசு:
சிரித்துவிட்டேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. இதயம் எல்லோருக்கும் வேண்டும், சரி. முடி இல்லாமல் மனுஷன் நன்றாகவே வாழலாம். முடி இல்லாமல் நான் அண்ணன் வேஷம் போட முடியாது. அப்படியென்றால் என் வழக்கு அவர் வழக்கைவிட பலமானதுதானே?

தீர்ப்புப் பித்தன்:
உங்கள் பக்கம் நிற்க ஒரே ஒரு தீர்ப்பு இருக்கிறது, அது அமெரிக்காவில். ஹெஸ் வழக்கு, 1994. இந்தியானாவைச் சேர்ந்த ஒரு கிளப் நடனக்காரர் மார்பகங்களை இயல்புக்கு எங்கேயோ மிஞ்சிய அளவில் பெரிதாக்கிக்கொண்டார். கூட்டம் கூடியது, வருமானமும் கூடியது. வரித்துறை இது சொந்தச் செலவு என்றது. வரி நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்து, 1988-ஆம் ஆண்டுக்கு 2,088 டாலர் தேய்மானம் (பல வருஷத்துக்குப் பிரித்து எழுதும் செலவில் அந்த வருஷப் பங்கு) கொடுத்தது. அந்த அளவை ஒரு பெண் தன் சுகத்துக்காகச் சுமக்க மாட்டாள், உறவுக்காரர்களின் கேலியைத்தான் வாங்கித் தந்தது, ஆகவே அது மேடை உடுப்பு மாதிரி என்பது நீதிபதியின் பார்வை. ஆனால் சிறு தொகை வழக்குகளுக்கான சுருக்க விசாரணையில் வந்த தீர்ப்பு அது. அங்கேயே முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

மேடைக்காரி:
அப்படியென்றால் பார்க்க அசிங்கமாக ஆனால் வரிக் கழிவு உண்டு, அழகாக ஆனால் கழிவு இல்லை. வாசு அண்ணன் தலையில் முடிக்குப் பதில் கொம்பு நட்டிருந்தால் ஜெயித்திருப்பார்!

கணக்கன்:
நக்கலாகச் சொன்னாலும் சட்டம் கிட்டத்தட்ட அதுதான். வெளியே போனால் உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு, பிரின்ஸ் எதிர் மேப். கிட்டார் வாசிப்பவர் விரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். காசுக்கும் வாசிப்பார், பொழுதுபோக்குக்கும் வாசிப்பார். அந்தப் பொழுதுபோக்கு ஒன்றே போதும் என்று மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் வாசு சார், உங்கள் பில்லிலேயே சாட்சி இருக்கிறது. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. விபத்திலோ பிறவியிலோ வந்த குறையைச் சரிசெய்வதானால் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் கிடையாது. அழகுக்காகச் செய்தால்தான் 18 சதவீதம், முடி நடுவதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அந்த 21,600-ஐ உள்ளீட்டு வரியாக (தொழிலுக்கு வாங்கியதில் கட்டிய ஜிஎஸ்டி) திரும்ப எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். காஸ்மெடிக் சர்ஜரியை ஜிஎஸ்டி சட்டம் 17(5) தடுக்கிறது, அதே சேவையை விற்பவருக்கு மட்டும் விலக்கு.

வடபழனி வாசு:
நோய் இல்லை என்று ஒரு சட்டம் வரி வாங்குகிறது. தொழில் இல்லை என்று இன்னொரு சட்டம் கழிவைத் தர மறுக்கிறது. நடுவில் நான் யாருக்காகத்தான் முடி நட்டேன்?

மேடைக்காரி:
ஆம்பளைக்கு இது முடியோடு போகிறது. நான் பதினைந்து வருஷமாக மேடை நிகழ்ச்சி நடத்துகிறேன். கூட ஆடும் பெண்களிடம் "பல்லைச் சரிபண்ணிக்கிட்டு வா, மூக்கைச் சரிபண்ணிக்கிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். கடன் வாங்கிச் செய்துகொண்டு வந்து நிற்பாள். அவளைப் பார்த்து, நீ உன் ஆசைக்குத்தான் செய்துகொண்டாய் என்று அதிகாரி சொல்வது என்ன நியாயம்? வேலை கொடுப்பவன் போட்ட நிபந்தனை எப்படிச் சொந்த ஆசை ஆகும்?

கணக்கன்:
இந்த இடத்தில் உங்களோடு சண்டை போட எனக்கு மனசில்லை மேடம். ஆனால் நிபந்தனை வாய்வார்த்தையாகத்தான் வருகிறது, ஒப்பந்தத்தில் யாரும் எழுதுவதில்லை. எழுதிக் கொடுத்தால் வாதாடவாவது ஒரு காகிதம் கையில் இருக்கும். வேலை கொடுப்பவர்களே பணம் கட்டினால் அவர்கள் கணக்கில் செலவு. ஆனால் அந்தப் பெண் கையில் அது தொழில்வழி வந்த ஆதாயம், வருமான வரிச் சட்டப் பிரிவு 28(iv)-இன்படி வருமானம். வருஷத்துக்கு 20,000-ஐத் தாண்டினால் 194ஆர்-இன்படி 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) வேறு. காகிதமே இல்லாமல் எழுதி மாட்டினால் குறைத்துக் காட்டிய வரியில் பாதி அபராதம். பொய்க்கணக்கு என்று முடிவு கட்டினால் இரண்டு மடங்கு.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வாசு சார், உங்கள் வருஷ வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

வடபழனி வாசு:
வரவு 31 லட்சம். மேனேஜர், பெட்ரோல், துணிமணி, விக் எல்லாம் சேர்த்து 11 லட்சம் செலவு. 20 லட்சத்துக்கு வரி கட்டினேன்.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு பற்றி உங்கள் ஆடிட்டர் சொல்லவே இல்லையா? திரைக் கலைஞர் என்றால், வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும்போது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 15.5 லட்சம். செலவைத் தனியாகக் கேட்க முடியாது, யாரும் பில்லும் கேட்க மாட்டார்கள். முடி பில்லோடு விக் பில்லையும் சேர்த்துக் கிழித்துப் போடலாம். 1.41 லட்சத்துக்கு இங்கே மல்லுக்கட்டுகிறீர்கள், நாலரை லட்சம் அங்கே போகிறது.

கணக்கன்:
கொஞ்சம் பொறுங்கள். அந்த வரையறை சினிமாப் படத் தயாரிப்பில் ஈடுபடும் நடிகர் என்கிறது. அவர் வரவில் பெரும்பகுதி சீரியல். சீரியல் அதற்குள் வருமா என்பது தனிச் சண்டை.

வடபழனி வாசு:
சண்டையை நீங்கள் ஆரம்பியுங்கள். நான் திங்கட்கிழமை ஆடிட்டரிடம் போகிறேன். தொப்பி போட்டுக்கொண்டுதான்.