நாத்தனாரோடு அக்கா தங்கை மாதிரி பழக என்ன செய்யலாம்?

வணக்கம். நான் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தங்கை கிடைப்பாள் என்று நிறைய ஆசைப்பட்டேன். நாத்தனார் நல்ல பெண்தான், சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் "சரிங்க அண்ணி", "பரவாயில்லைங்க அண்ணி" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர மாட்டேன் என்கிறது.

போன மாதம்தான் முதல்முறையாக, வேலை செய்யும் இடத்தில் ஏதோ மனக்கஷ்டம் என்று என்னிடம் சொன்னாள். நான் அதை வீட்டுக்காரரிடம் உளறிவிட்டேன். அவர் நேராக அவளிடமே போய்க் கேட்டுவிட்டார். தப்பு என்னுடையதுதான். அப்புறம் அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

நேரில் மன்னிப்புக் கேட்கலாமா, இல்லை அதைக் கிளறாமல் நாங்கள் இருவர் மட்டும் எங்காவது வெளியே போய்வரலாமா? மாமியாரைத் தூது விடச் சொல்லாதீர்கள், அது வேறு வினையாகிவிடும். நாத்தனாரோடு நெருக்கமாக இருப்பவர்கள், உங்களுக்குள் அந்தத் தயக்கம் எப்படிப் போனது என்று சொல்லுங்களேன்.